ஈசாக்கு மாதிரி இருன்னு அப்பா சொன்னா

பேர் போடாம கேட்டிருக்கற தங்கச்சிக்கு. நீங்க எழுதினத நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் விஷயம் இதுதான். ஏற்காட்டுல வீடு, அப்பா காப்பி எஸ்டேட்ல ரைட்டர், சபையிலயும் பொறுப்புல இருக்கறவர். உங்களுக்கு 24 வயசு, சேலத்துல ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. ஆத்தூர் பக்கத்துலேர்ந்து ஒரு வரன் வந்திருக்கு, வேலைய விட்டுடணும்னு மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க, யோசிக்க டைம் குடுங்கன்னு நீங்க கேட்டதுக்கு அப்பா ஈசாக்கு கதைய எடுத்துட்டார், கர்த்தர் சொன்னார்னு ஆபிரகாம் தன் மகன் ஈசாக்க பலி குடுக்க மலைக்கு கூட்டிட்டு போன கதை. "ஈசாக்கு ஒரு கேள்வி கேட்டானா? பேசாம பலிபீடத்துல படுத்தான்ல, அதுதான் விசுவாசம்"னு. கேள்வி கேக்காம கீழ்ப்படியறதுதான் நம்பிக்கைன்னு வேதம் சொல்லுதான்னு கடைசி வரியில கேட்டிருக்கீங்க. ஆனா உங்கள உள்ளுக்குள்ள அரிக்கறது வேற ஒண்ணுன்னு எனக்கு படுது. அப்பாவுக்கு முடியாதுன்னு சொன்னா அது கர்த்தருக்கே முடியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிடுமோங்கற பயம். அந்த பயத்துக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

நான் சேலத்துல சி.எஸ்.ஐ. சபையில ரொம்ப வருஷமா ஓய்வுநாள் பள்ளி எடுக்கறேன், செராம்பூர் கிறிஸ்தவப் படிப்ப வெளியிலேர்ந்து எழுதி முடிச்சேன், மே மாசம் வி.பி.எஸ்., அதாவது பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதப் பள்ளி, நடத்த மலைக்கும் வருவேன். வீட்ல பெத்தவங்களும் பிள்ளைங்களும் முகம் குடுத்து பேச முடியாம நிக்கறப்போ நடுவுல உக்காந்து பேசறதும் எனக்கு வாய்ச்ச வேலை. எபிரேயம் கரைச்சு குடிச்ச பண்டிதர் இல்ல. உங்க அப்பாவையும் அந்தப் பையனையும் எனக்கு தெரியாது, அதனால கட்டிக்கங்க வேண்டாம்னு எதுவும் என் வாய்லேர்ந்து வராது. அந்தக் கதைங்கள்ல என்ன எழுதியிருக்கு, என்ன எழுதல, இத மட்டும் நல்லா சொல்ல முடியும்.

முதல்ல ஒண்ணு, ஈசாக்கு கேள்வி கேட்டான். ஆதியாகமம் 22 எடுத்து 6-லேர்ந்து 8 வரைக்கும் மெதுவா படிங்க. மூணாம் நாள் இடம் தூரத்துல தெரியுது, வேலைக்காரங்களையும் கழுதையையும் அங்கயே விட்டுட்டு கட்டைய மகன் மேல வெச்சு, நெருப்பையும் கத்தியையும் அப்பா தன் கையில எடுத்துகிட்டு, ரெண்டு பேரும் சேந்து நடக்கறாங்க. சுடறதும் வெட்டறதும் அப்பா கையில, கட்டை மட்டும் பையன்கிட்ட, இந்த ஒரு விவரத்துல நான் எப்பவும் கொஞ்ச நேரம் நின்னுடுவேன். அப்போ பையன் "அப்பா"ங்கறான். "என்ன மகனே"ங்கறார். "நெருப்பு இருக்கு, கட்டை இருக்கு, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்க?" பாருங்க எவ்ளோ நேரா போய் பட வேண்டிய இடத்துல படுது அந்தக் கேள்வி. ஆபிரகாம் அதட்டல, பெரியவங்கள கேள்வி கேக்காதேன்னு சொல்லல, "தேவன் பாத்துக்குவார் மகனே"ன்னு தனக்கு தெரிஞ்ச அளவுக்கு ஒரு பதில் சொன்னார். அதுக்கப்புறம் மறுபடியும் ரெண்டு பேரும் சேந்து போனாங்கன்னு வருது, கேள்விக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. கேள்வி கேட்டதால அந்த நடை நிக்கல. இது என் வியாக்கியானம் இல்ல, வசனத்துல இருக்கறது, அப்பாகிட்ட தைரியமா காட்டலாம்.

"பேசாம படுத்தான்"ங்கறது மட்டும் வசனத்துல இல்ல. அப்பா கட்டினார், கட்டைங்க மேல கிடத்தினார், அவ்ளோதான் இருக்கு. சம்மதிச்சு இருந்தானா, பயத்துல உறைஞ்சு போனானா, வேதம் ஒரு வார்த்தை சொல்லல. வயசும் சொல்லல. நம்ம பாடப் படத்துல சின்னப் பையனா போட்டிருப்பாங்க, பழைய யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் 25 வயசுன்னு எழுதறார், ரபிமார், அதாவது யூத வேத குருமார், 37-ன்னு கணக்கு போட்டாங்க. அது எப்படின்னா அவனோட அம்மா சாராள் 90-ல பெத்தா, 127-ல செத்தா, அவ சாவு அடுத்த அதிகாரத்துலயே வருது, இந்த சேதி கேட்டுதான் செத்திருப்பான்னு வெச்சுகிட்டு கழிச்சா 37. ஊகம்தான். கட்டைய சுமந்துட்டு மலை ஏறற அளவுக்கு வளந்தவன்கறது மட்டும் நிச்சயம். மனசார ஒப்புக்குடுத்தான்னு பிரசங்கத்துல சொல்றது பக்தியான ஒரு வாசிப்பு, பழைய காலத்துலேர்ந்து யூதர்களும் நம்மவங்களும் அப்படி வாசிச்சிருக்காங்க, அத நான் தள்ளல. ஆனா அத ஆதாரமா வெச்சு இன்னொருத்தர படுக்க சொல்ல முடியாது.

ஒரு தடவை மலையில வி.பி.எஸ். வகுப்புல ஃபிளானல் போர்டுல இந்தக் கதைய ஒட்டி ஒட்டி சொல்லிட்டு இருந்தேன். ஈசாக்குக்கு பதிலா பலியான ஆட்டுக்கடாவ எடுத்து புதர் பக்கத்துல ஒட்டினதும் பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சு, ஒரு பையன் மட்டும் தட்டல. "டீச்சர், அதுக்கப்புறம் ஈசாக்கு அவங்க அப்பாகூட பேசினானா?"ன்னு கேட்டான். வீட்டுக்கு வந்து அதுக்காகவே 22-லேர்ந்து 25 வரைக்கும் உக்காந்து படிச்சேன். 22:19-ல ஆபிரகாம் வேலைக்காரங்ககிட்ட திரும்பி வந்தார்னு இருக்கு, ஈசாக்கு பேர் அங்க இல்ல. அடுத்து அவன பாக்கறப்போ தெற்கே, லகாய்ரோயீ துரவு பக்கம், சாராளோட வேலைக்காரி ஆகார் அவகிட்டேர்ந்து வனாந்தரத்துக்கு ஓடிப் போனப்போ தேவதூதன் வந்த அதே கிணத்து பக்கம் இருக்கான். அப்பாவும் மகனும் மறுபடி பேசினதா ஒரு உரையாடல்கூட எழுதல, கடைசியில ஆகார் பெத்த அண்ணன் இஸ்மவேலும் அவனும் சேந்து அப்பாவ அடக்கம் பண்ணினாங்கன்னுதான் வருது. இத வெச்சு உறவு முறிஞ்சு போச்சுன்னு சிலர் எழுதறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, எழுதலைங்கறதுக்காக நடக்கலைன்னு ஆகாது. ஆனா அந்தப் பையனோட கேள்வி சரியான கேள்வி. கீழ்ப்படிஞ்சவனுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நாம யாரும் கேக்கறதில்ல.

இப்ப நம்பிக்கைக்கு வரேன், ஏன்னா உங்க அப்பா சொன்ன வார்த்தை அதுதான். ஆபிரகாம் கர்த்தர் பேச்ச நம்பி ஆரான்ங்கற ஊர விட்டு கிளம்பறப்போ வயசு 75, ஈசாக்கு பொறக்கறப்போ 100. நடுவுல 25 வருஷம். அந்த 25 வருஷமும் வாய மூடிட்டு இருந்தவர்னு நெனைக்காதீங்க. 15-ஆம் அதிகாரத்துல எனக்கு பிள்ளையே இல்லையே என்ன தருவீர்னு கேக்கறார், இத நான் எதனால அறிவேன்னு அத்தாட்சி கேக்கறார், 17-ல முகங்குப்புற விழுந்து நகைக்கறார், 18-ல அழிவு வரப் போற சோதோம் ஊருக்காக அங்க இருக்கற நல்லவங்க 50 பேர்ல ஆரம்பிச்சு 10 பேர் வரைக்கும் கர்த்தர்கிட்டயே பேரம் பேசறார். எந்த எடத்துலயும் கர்த்தர் கோவிச்சுக்கல. நின்னு பதில் சொல்றார், உடன்படிக்கை போடறார், சொன்ன மாதிரியே மகனையும் குடுக்கறார். அதெல்லாம் நடந்து முடிஞ்ச பெறகுதான் மோரியா, அந்த பலி மலை, வருது. வேலைக்காரங்ககிட்ட "நாங்க போய் தொழுதுட்டு உங்ககிட்ட திரும்பி வருவோம்"னு அந்த மனுஷன் சொல்ல முடிஞ்சது அந்த 25 வருஷத்த வெச்சுத்தான், மரிச்சவங்கள எழுப்பவும் தேவனால முடியும்னு எண்ணினார்னு எபிரெயர் 11-லயும் இருக்கு. நம்ம ஏற்காட்டு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுலயும் டிரைவர நம்பி தூங்கறோம்ல, தினம் அந்த கை ஸ்டியரிங் பிடிக்கறத பாத்து பாத்து வந்த தூக்கம் அது, அந்த மாதிரிதான் இதுவும். மொத நாளே மகன குடுன்னு கேக்கல. பெத்தவங்க பேச்சுக்கு பிள்ளை கீழ்ப்படியணும்னா அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளை கேட்டதுக்கெல்லாம் அவங்க எப்படி பதில் சொல்லி வந்திருக்காங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க வீட்ல அந்தக் கணக்கு நல்லாவே இருக்கலாம். மலை எஸ்டேட்ல சம்பளம் வாங்கிட்டு ஒரு பொண்ண நர்சிங் படிக்க வெச்சவர் லேசான அப்பா இல்ல.

அந்தக் கதைய பெத்தவங்க பிள்ளைங்களுக்கு சொல்றப்போ வழக்கமா ஒரு இடம் மாறிடுது, என்னைய கேட்டா எல்லா சிக்கலும் அங்கதான். அதுல கீழ்ப்படிய சொன்னது கர்த்தர், கீழ்ப்படிஞ்சது அப்பா. மகன விட்டுக்குடுக்க முடியுமான்னு சோதிக்கப்பட்டது பெத்தவர். உங்க அப்பா அந்தக் கதையில நிக்க வேண்டிய இடம் ஆபிரகாமோட இடம். இவ என் பொண்ணு, என் கௌரவம், என் வாக்குங்கற பிடிய தளர்த்த முடியுமாங்கற கேள்வி அவர பாத்துத்தான் வருது. தன்ன கட்டளை குடுக்கற இடத்துல வெச்சுகிட்டு அந்தக் கதைய சொன்னா, தெரியாமலே கர்த்தரோட நாற்காலியில உக்காந்துடறோம். இன்னொண்ணு, கடைசியில தேவதூதன் "பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே"ன்னு கூப்பிட்டு நிறுத்தறான். பிள்ளைங்கள நெருப்புல குடுக்கறத லேவியராகமம் தடுக்குது, எரேமியா 7-ல அது என் மனசுல தோணவே இல்லைன்னு கர்த்தர் சொல்றார். யாரும் நிறுத்தாம போன கதையும் ஒண்ணு இருக்கு, நியாயாதிபதிகள் 11, யெப்தா. சண்டையில ஜெயிச்சா வீட்லேர்ந்து எதிர்ல வர்றத பலி குடுக்கறேன்னு அவனா ஒரு பொருத்தனை பண்ணினான், யாரும் கேக்கல, வீட்லேர்ந்து எதிர்ல வந்தது ஒரே மக. அவ அப்பா சொன்னதுக்கு இணங்கி, ரெண்டு மாசம் மலையில போய் தோழிங்களோட அழுதுட்டு திரும்பி வந்தா. அவள கொன்னானா, கல்யாணம் இல்லாம ஆலயத்துக்கு ஒப்புக்குடுத்தானான்னு படிச்சவங்க ரெண்டு விதமா சொல்றாங்க. எப்படி இருந்தாலும் வருஷா வருஷம் நாலு நாள் இஸ்ரவேல் பொண்ணுங்க அவளுக்காக புலம்பினாங்கன்னுதான் அந்தக் கதை முடியுது, யெப்தாவ அந்த இடத்துல யாரும் பாராட்டல. அவளோட கீழ்ப்படிதல மேடையில யாராவது புகழ்ந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம், இதத்தான் உங்களுக்கு முக்கியமா சொல்ல நெனச்சேன். ஆதியாகமம் 24, அதே ஆபிரகாம். மகனுக்கு பொண்ணு பாக்க வேலைக்காரன அனுப்பறார், ஆணையும் வாங்கறார். அவன் விவரமா ஒரு கேள்வி கேக்கறான், பொண்ணு வர மனசில்லைன்னு சொல்லிட்டா? ஆபிரகாம் 8-ஆம் வசனத்துல சொல்ற பதில், பொண்ணுக்கு வர மனசில்லைன்னா உனக்கு இந்த ஆணையிலேர்ந்து விடுதலை. மோரியா மலைக்கு போய் வந்த அதே மனுஷன்தான், யாரோட கீழ்ப்படிதல உங்களுக்கு உதாரணமா காட்டறாங்களோ அவரேதான், தன் மகன் கல்யாணத்துல, கர்த்தர் தூதன அனுப்பி நடத்துவார்னு அவ்ளோ நம்பிக்கையா சொல்லிட்டு, கூடவே பொண்ணு மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு வழியும் விட்டு வெச்சிருக்கார். அது அவர் விசுவாசத்துக்கு குறைவா அவருக்கு படல. அப்புறம் பொண்ணு ரெபேக்காள் வீட்ல பேசி முடிச்சு, மறுநாள் காலையில உடனே கிளம்பணும்னு வேலைக்காரன் நிக்கறப்போ, "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்"னு கூப்பிட்டு "இந்த மனிதனோடேகூடப் போகிறாயா"ன்னு கேக்கறாங்க, அவ "போகிறேன்"ங்கறா. இங்க நேர்மையா ஒண்ணு சொல்லிடணும். அதுக்கு முந்தின ராத்திரியே அண்ணன் லாபானும் அப்பா பெத்துவேலும் சம்மதம் சொல்லிட்டாங்க, அதனால இந்தக் கேள்வி கல்யாணத்த பத்தியா, உடனே கிளம்பறத பத்தியா மட்டும்தானான்னு விவாதம் இருக்கு. பழைய யூத உரைகாரர் ராஷி இந்த வசனத்த வெச்சே பொண்ணோட சம்மதம் இல்லாம கல்யாணம் பண்ணிக்குடுக்கக் கூடாதுன்னு எழுதினார். நான் அதையே பெருசா பிடிச்சுக்க மாட்டேன், 8-ஆம் வசனம் போதும், அதுல ரெண்டு அர்த்தத்துக்கு இடம் இல்ல.

அந்த ரெபேக்காளே பின்னாடி அம்மாவா ஆனப்போ 27-ஆம் அதிகாரத்துல, மூத்தவன் ஏசா மாதிரி நடிச்சு அப்பா ஈசாக்கோட ஆசீர்வாதத்த வாங்கிக்கோன்னு இளைய மகன் யாக்கோபுகிட்ட சொல்லி, "என் சொல்ல மட்டும் கேளு, சாபம் என்மேல வரட்டும்"ங்கறா. அவன் தயங்கறான், அப்பா தடவிப் பாத்தா மாட்டிக்குவேனேன்னு சொல்றான், ஆனாலும் அம்மா பேச்ச தட்டாம அப்படியே செஞ்சான். அந்த கீழ்ப்படிதல் கண்ணு தெரியாத அப்பாவ ஏமாத்த உதவுச்சு. கொஞ்ச நாள் மாமா வீட்ல இருந்துட்டு வான்னு அம்மா அனுப்பினா, 20 வருஷம் ஆச்சு, அம்மாவும் மகனும் மறுபடி பாத்துகிட்டதா எங்கயும் எழுதல. பொறக்கறதுக்கு முன்னாடி அவளுக்கு கிடைச்ச வாக்க நம்பித்தான் ரெபேக்காள் அப்படி செஞ்சதா சிலர் சொல்லுவாங்க, இருக்கலாம், ஆனா நம்பினவ காத்திருந்திருக்கலாமேன்னுதான் எனக்கு தோணும். இதவிட மோசம் 2 சாமுவேல் 13, தாமார் கதை, அண்ணனுக்கு போய் சமைச்சு குடுன்னு அப்பா தாவீது ஆள் அனுப்பி சொன்னார், அவ போனா, அந்த வீட்ல அவளுக்கு நடந்த அநியாயத்த கேட்டு தாவீதுக்கு கோவம் வந்துச்சு, மகன ஒண்ணும் பண்ணல. அப்பா சொன்ன பேச்ச கேட்டு நடந்த பொண்ணுதான் அவ. அதனால கீழ்ப்படிஞ்சா எல்லாம் நல்லதா முடியும்னு வேதம் சொல்லுதுன்னு யாராவது சொன்னா, முழுசா படிக்கலைன்னு அர்த்தம்.

ரூத் கதைய ஒரு வரியில சொல்றேன், மாமியார் ரெண்டு மருமகளையும் அவங்கவங்க அம்மா வீட்டுக்கு திரும்பிப் போங்கன்னு சொன்னப்போ சொன்ன பேச்ச கேட்டது ஒர்பாள், கேக்காம ஒட்டிகிட்டது ரூத். லூக்கா 15-ல வர்ற மூத்த மகன் ஒருநாளும் உம்முடைய கற்பனைய மீறலையேன்னு அப்பாகிட்ட வாதாடறான், உண்மையும்தான், மீறல. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு ஆட்டுக்குட்டி குடுங்கப்பான்னு வாய விட்டு கேக்கற அளவுக்குக்கூட அந்த அப்பாவ அவன் நம்பல. மனசுக்குள்ள கணக்கு எழுதிகிட்டே வேலை செஞ்சிருக்கான். உங்களப் பத்தி எனக்கு பயம் இருக்கற இடம் இதுதான் கண்ணு. இப்போ வாய மூடிட்டு சரின்னு தலையாட்டிட்டு, 10 வருஷம் கழிச்சு அப்பா முகத்த பாக்கறப்போ எல்லாம் அந்தக் கணக்க நெனச்சுகிட்டு இருக்கற பொண்ணுங்கள எனக்கு தெரியும். ஊருக்கு அவங்க கீழ்ப்படிஞ்ச பிள்ளைங்க. அப்பாவுக்கு போன் பண்ண அவங்களுக்கு மனசு வர்றதில்ல.

அப்பா பக்கமும் வேதத்துல வலுவா இருக்கு, அத மறைச்சா நான் நேர்மையா பதில் சொன்னதா ஆகாது. ஏசா ஏத்தியர்ங்கற வேற ஜனத்துலேர்ந்து ரெண்டு பொண்ணுங்கள கட்டிகிட்டான், அது ஈசாக்குக்கும் ரெபேக்காளுக்கும் மனநோவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. தாய் தகப்பன கனம் பண்ணுங்கறது பத்து கற்பனையில ஒண்ணு. இயேசுவே 12 வயசுல சொல்லாம எருசலேம்ல தங்கி, பெத்தவங்க மூணு நாள் தேடி, அவங்க பேச்சுக்கு ஒரு பதிலும் சொல்லிட்டு, அப்புறம் நாசரேத்துக்கு கூட போய் அவங்களுக்கு கீழ்ப்படிஞ்சிருந்தார். எபேசியர் 6-ல பிள்ளைகளே கீழ்ப்படியுங்கள்னு பவுல் தெளிவா சொல்றார், கர்த்தருக்குள்னு ஒரு எல்லையும் கூட போடறார், ரெண்டு மூணு வசனத்துலயே பிதாக்களே பிள்ளைகள கோபப்படுத்தாதீங்கன்னும் சொல்றார், கொலோசெயர் 3-ல அதுக்கு காரணமும் குடுக்கறார், பிள்ளைங்க திடனற்றுப் போயிடக் கூடாதுன்னு. அந்த பிள்ளைகள்ங்கறது சின்னவங்க மட்டுமா, வளந்தவங்களுமா? "வளர்ப்பீர்களாக"ன்னு அடுத்து வர்றதால வீட்ல வளர்ற பிள்ளைங்கதான் முதன்மைன்னு நான் நெனைக்கறேன், அடிச்சு சொல்ல மாட்டேன். வளந்த பிறகும் கனம் பண்றது நிக்காது, அதுல மட்டும் எனக்கு சந்தேகமே இல்ல. யோனத்தான பாருங்க, அவனோட நண்பன் தாவீத கொல்லணும்னு அப்பா சவுல் சொன்னத அவன் கேக்கல, அதுக்கு ஈட்டியே எறிஞ்சார் அப்பா. ஆனாலும் விட்டுட்டு போகல, கில்போவா மலையில அப்பாகூட நின்னுதான் செத்தான்.

ஆக உங்க பயத்துக்கு என் பதில் இது. யோசிக்க டைம் கேக்கறதும், வேலைய விட மனசில்லைன்னு சொல்றதும், இந்த வரன் வேண்டாம்னே சொல்றதும் கர்த்தருக்கு விரோதம்னு நான் படிச்ச எந்தக் கதையிலயும் இல்ல. எப்படி சொல்றீங்கங்கறதுல கனம் பண்றது இருக்கு. சாயங்காலம் அப்பா எஸ்டேட்லேர்ந்து வந்து காப்பி குடிச்சு கொஞ்சம் ஓய்ஞ்ச பிறகு, அம்மாவும் பக்கத்துல இருக்கறப்போ பேசுங்க. 22-ஆம் அதிகாரத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, தப்பு கண்டுபிடிக்கற மாதிரி ஆயிடும். 24-ஆம் அதிகாரத்த குடும்ப ஜெபத்துல அப்பாவையே வாசிக்க சொல்லுங்க, 8-ஆம் வசனம் வந்ததும் "அப்பா, எனக்கு மனசு இன்னும் வரலப்பா"ன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க. வேலைய விடணும்கறது மாப்பிள்ளையோட எண்ணமா அவங்க வீட்டோட எண்ணமான்னு அந்தப் பையன்கிட்டயே ஒரு தடவை பேசவும் கேளுங்க, அவரு என்ன சொல்றார்ங்கறத பாத்தே பாதி விளங்கிடும். சபைப் போதகரான ஐயர் வந்து நடுவுல பேசட்டும்னு நெனச்சா, அவர் அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவரா இருந்தா, உங்க பக்கம் பேச பெண்கள் ஐக்கிய சங்கத்துல வயசுல பெரிய ஒரு அம்மாவையும் கூப்பிட்டுக்கங்க. ஒருவேளை நீங்க இங்க எழுதாம விட்டது ஏதாவது இருந்தா, அதாவது அடி, மிரட்டல், போன புடுங்கி வெச்சுகிட்டு வேலைக்கு அனுப்பாம வீட்ல வெச்சிருக்கறது, அப்போ இந்த வேத வாசிப்பெல்லாம் அப்புறம், முதல்ல 181-க்கு போன் பண்ணுங்க, அது பெண்களுக்கான உதவி எண், ராத்திரியிலயும் எடுப்பாங்க.